வாசலில் நின்று கேட்கும் சட்டம்

ரோமாபுரியாக இருந்திருந்தால் பொழுது அடைவதற்குள் எனக்கு விடுதலை கிடைத்திருக்கும். அவர்களுடைய பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, சூரியன் இறங்கினால் அன்றைய விசாரணை முடிந்தது, அதற்குமேல் இழுக்கக் கூடாது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின ஆட்களுக்கு இருந்த அவசரம் நமக்கு இல்லை, நமக்கு வாய்தா இருக்கிறது. இந்த பெஞ்சில் நான் உட்காருவது நாலாவது தடவை. முதல் தடவை மாஜிஸ்திரேட் விடுப்பு, இரண்டாவது தடவை வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு, மூன்றாவது தடவை எல்லாரும் இருந்தார்கள், கரண்ட் இல்லை. இன்றைக்கு எல்லாம் கூடி வந்திருக்கிறது. உள்ளே மின்விசிறி ஓடுகிறது, மாஜிஸ்திரேட் உட்கார்ந்திருக்கிறார், பெயர் கூப்பிடுகிற டவாலி கதவில் சாய்ந்துகொண்டு பல் குத்துகிறார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் பாதி எழுந்து உட்காருகிறேன். தெய்வக்கனி, வடக்கு ஆலங்கிணறு கிராம நிர்வாக அலுவலர், அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி. இன்னும் கூப்பிடவில்லை. மடியில் ஒரு ஜெராக்ஸ் காகிதம் இருக்கிறது, ஏட்டு ராசையா காலையில் கொடுத்தது, படிச்சு வச்சுக்கோங்கம்மா, கேட்டா தடுமாறக் கூடாது பாருங்க என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். பறிமுதல் மகஜர். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் கண் முன்னால் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டிய பத்திரம். காலை ஆறு மணிக்கு எதிரி தன் வீட்டின் பின்புறமுள்ள எருக்குழியிலிருந்து தோண்டி எடுத்து ஆஜர்செய்த தாமிரக் கம்பி முப்பத்திரண்டு கிலோவைக் கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றி. எதிரி என்றால் சப்பாணிமுத்து, காற்றாலையில் காவலுக்கு இருந்தவன், முப்பத்தோரு வயசு. கீழ்க்கண்ட சாட்சிகள் என்றால் நானும் என் தலையாரி கோமதிநாயகமும். கோமதிநாயகம் போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். காகிதப்படி இப்போது அந்த எருக்குழியைப் பார்த்த சாட்சி உலகத்திலேயே நான் ஒருத்திதான், நான் அதைப் பார்க்கவில்லை.

இதை நான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்தது, இட்லிக்குச் சட்னி அரைக்கும்போது மறுபடி முடிவு செய்தது, பஸ்ஸில் வரும்போது இன்னொரு தடவை. ஒரே விஷயத்தை இத்தனை தடவை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்றால் அது என்ன முடிவு என்று மனசு கேலி பண்ணுகிறது, பண்ணட்டும். நான் அங்கே இல்லை, எழுதியிருந்ததில் கையெழுத்து மட்டும் போட்டேன். இரண்டு துண்டு வாக்கியம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடத் தடுமாறாமல் சொல்லும். அன்றைக்கு ஊர்க்கணக்கைத் தணிக்கை செய்கிற ஜமாபந்தி நடந்த வாரம், தாலுகா ஆபீஸ் வாசலில் மனுக் கொடுக்க வந்த கூட்டம், பதிவேட்டுக் கட்டைத் தலையில் வைக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு நான் ஓடுகிறேன், மத்தியானம் இரண்டு மணி, ராசையா புல்லட்டை டீக்கடைக்கு எதிரே நிறுத்திவிட்டு, அம்மா, ரெண்டே ரெண்டு கையெழுத்து என்றார். வண்டி சீட்டுமேல் வைத்துப் போட்டேன். சீட் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது, உள்ளங்கை சுட்டது, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்ன கேஸ் ஏட்டையா என்று கேட்டதற்குக் கம்பித் திருட்டும்மா, கைய வச்சவன் ஒத்துக்கிட்டான் என்றார். காலை ஆறு மணி என்று எழுதியிருந்ததைப் பார்த்தேனா இல்லையா, பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன், ஆறு மணிக்கு நான் வீட்டில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன் என்று அந்த நிமிஷமே ஒரு எண்ணம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. எல்லா வீஏஓவும் இப்படித்தான் போடுகிறோம். யாரும் இதைப் பொய் என்று சொல்வதில்லை, ஸ்டேஷனுக்கு ஒரு உதவி என்றுதான் சொல்வோம். அடுத்த முறை ஊரில் ஆற்றுமணல் லாரியைப் பிடித்துவிட்டுத் தனியாக நிற்கும்போது ஸ்டேஷன் நமக்கு வரவேண்டுமே. ரோமாபுரிக்காரன் இதில் கெட்டிக்காரன். திருட்டுப் பொருளைத் தேடி ஒரு வீட்டுக்குள் போகிறவன் உடம்பில் கோவணம் தவிர வேறு துணி இல்லாமல், இரண்டு கையிலும் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு போக வேண்டும். துணி இருந்தால் அதற்குள் மறைத்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இதோ கிடைத்துவிட்டது என்பான், கை சும்மா இருந்தாலும் அப்படித்தான். சட்டக் கல்லூரியில் இந்தப் பாடம் நடந்த அன்றைக்கு வகுப்பே உருண்டு சிரித்தது. நடத்துகிறவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே குறிப்புச் சொல்லி முடித்துவிட்டுப் போய்விட்டார். பின்னாளில் வந்த ரோமச் சட்ட மேதை ஒருவரே அந்தச் சட்டத்தைக் கிண்டல் பண்ணியிருக்கிறாராம், அவரும் சிரித்தால் பையன்கள் சிரிக்க மாட்டார்களா. நான் ஒருத்திதான் அதை விழுந்து விழுந்து படித்தேன், எண்பத்தொன்பது மார்க், எனக்குப் பேரே ரோமாபுரி என்று வைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் படித்தேன், அதற்குள் இந்த வேலைக்கு உத்தரவு வந்தது, படிப்பை விட்டுவிட்டு வந்தேன். வந்த இடத்தில் படித்தது ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்திருந்தேன். அந்தத் தட்டை இப்போது மனசுக்குள் ராசையா கையில் கொடுத்துப் பார்க்கிறேன், கோவணத்தோடு, தொப்பை முன்னால் வர, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சப்பாணிமுத்து வீட்டு எருக்குழிக்குள் இறங்குகிறார். சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வக்கீல் குமாஸ்தா திரும்பிப் பார்த்தார். அந்தக் கம்பி நிஜமாகவே குழியில் இருந்ததா, இல்லை ஜீப்பிலிருந்து இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. சப்பாணிமுத்து திருடினானா என்றும் தெரியாது. திருடியிருந்தாலும் இருப்பான். அதைச் சொல்வது என் வேலை இல்லை, தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல் இருப்பது மட்டும்தான் என் வேலை.

அவன் அம்மா வராந்தாவின் அந்தக் கோடியில் தூணுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். பேராச்சி. வந்ததிலிருந்து என்னைப் பார்க்கவே இல்லை. இன்றைக்குக் கணக்குப்படி அவள் என் வாசலுக்கு வர வேண்டிய நாள். அவளுக்குப் பீடி சுற்றுகிற வேலை, மூன்று நாளைக்கு ஒரு தடவை சுற்றியதைக் கட்டாக்கி எங்கள் தெருமுனையில் இருக்கிற பீடிக் கடையில் கொடுப்பாள். கொடுத்துவிட்டு வெறும் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக என் வீட்டு வாசலுக்கு வருவாள். மகன் அறுபத்து நாலு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்த பிறகு ஆரம்பித்தது, ஒன்றரை வருஷமாக ஒரு முறைகூடத் தவறவில்லை. திட்டமாட்டாள். மண்ணை வாரித் தூற்றமாட்டாள், அதைச் செய்திருந்தால் எனக்கும் பதிலுக்குக் கோபப்பட வழி கிடைத்திருக்கும். கேட்டுக்கு வெளியே நின்று தெருவுக்கே கேட்கிற குரலில் இரண்டு கேள்வி கேட்பாள். வீஏஓம்மா, எங்க வீட்டு எருக்குழிக்கு வந்தியளாம்மா? கம்பியப் பாத்தியளாம்மா? அவ்வளவுதான். பதிலுக்கு நிற்கமாட்டாள், போய்விடுவாள். முதல் மாதம் கதவைச் சாத்தினேன். இரண்டாவது மாதம் டீவியைச் சத்தமாக வைத்தேன். மூன்றாவது மாதம் அந்தக் குரல் வரும் நேரத்துக்கு முன்னாலேயே காது அதை எதிர்பார்க்கத் தொடங்கியது, அவள் வராத நாளில்கூட வந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் ஒரு நாள் அடுப்படியில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் கல்லூரிக் குறிப்பில் நான் எழுதின வரி அப்படியே எழுந்து வந்தது. சாட்சி கிடைக்காமல் போனவன் மூன்றாம் நாள்தோறும் அந்தச் சாட்சியின் வாசலில் போய் நின்று கூவலாம். பன்னிரண்டு பலகையில் இரண்டாவது பலகை. பால் பொங்கி வழிந்துவிட்டது. பேராச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ரோமாபுரி எந்தத் திசையில் என்று தெரியாது, அவளுக்கு யார் இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தது? அங்கே அது அவளுடைய உரிமை. இங்கே சாட்சியை மிரட்டினாள் என்று கேஸ். ராசையா அதைத்தான் சொன்னார், ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா, நான் பாத்துக்கிடுதேன், அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்காது. எழுதினேன். எழுதினேன் என்பதை மறைக்க வேண்டாம், நல்ல கையெழுத்தில், ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று தொடங்கி முழுப் பக்கம். அது இந்தக் கைப்பைக்குள் இன்னும் இருக்கிறது, மடித்த இடத்தில் நைந்துபோய். கொடுக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிய காலையில் மகள் பின்கட்டில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். தாண்டுகிற தாளத்துக்கு ஏதோ பாடுகிறாளே என்று காதைக் கொடுத்தேன். வந்தியளாம்மா, பாத்தியளாம்மா, வந்தியளாம்மா, பாத்தியளாம்மா. ரோமாபுரிப் பிள்ளைகள் பன்னிரண்டு பலகையையும் பாட்டு மாதிரி நெட்டுருப் போட்டார்களாம். என் வீட்டிலும் சட்டம் பாட்டாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் கயிற்றை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள், யம்மா, நீ போனியா இல்லையா? பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, கிளம்பு என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவு வெட்கம் அதற்கு முன் எதற்கும் பட்டதில்லை.

பதினொன்றரை ஆகிவிட்டது. உள்ளே வேறு ஏதோ செக் மோசடி வழக்கு ஓடுகிறது, மாஜிஸ்திரேட் குரல் கேட்கவில்லை, டைப் அடிக்கிற சத்தம் மட்டும் வருகிறது. தொண்டை காய்ந்துவிட்டது. கைப்பையில் தண்ணீர் எடுத்து வைக்கவில்லை, எல்லாவற்றையும் மூன்று தடவை முடிவு செய்தவள் தண்ணீரை மறந்துவிட்டேன். இருமினேன். ஒரு நிழல் காகிதத்தின்மேல் விழுந்தது. நிமிர்ந்தால் பேராச்சி நிற்கிறாள், கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் சோடா பாட்டில், முக்கால் பாட்டில் தண்ணீர். இங்கேயே, இத்தனை பேர் முன்னால் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள், தண்ணி குடிக்கியளாம்மா, என்றாள். வாசலில் கேட்கிற அதே குரல், கொஞ்சம் தணிவாக. வாங்கிக் குடித்தேன். வெந்நீராக இருந்தது, பிளாஸ்டிக் வாடை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோது ஏதாவது சொல்ல வேண்டும் என்று, இன்னைக்கு பீடிக் கடைக்குப் போகலையா என்று கேட்டுவைத்தேன், கேட்டு முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கம்மா போக, ராவும் பகலும் கை ஓடல்ல, தட்டு அப்படியே கெடக்கு, என்றாள். பிறகு, வக்கீலையா சொல்லிட்டாவ, கோர்ட்டு வளவுக்குள்ள வச்சு உங்ககிட்ட ஒண்ணும் கேக்கப்படாதாம், நான் கேக்கல, தண்ணிதான் தந்தேன், என்று சொல்லிவிட்டுத் தூணுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் போனதும் எங்கிருந்தோ ராசையா வந்தார். என்னம்மா, போயும் போயும் அவகிட்ட வாங்கிக் குடிக்கியளே, என்கிட்ட சொன்னா எளநி வாங்கித் தந்திருப்பேன்லா. தாகம் ஏட்டையா, என்றேன். படிச்சிட்டியளா? படித்தேன். சும்மா ஒண்ணுமில்ல, அஞ்சு நிமிஷம், பாத்தேன்னு சொல்லிட்டு எறங்கிருங்க. அவர் கெட்ட மனுஷர் இல்லை. என் மாமனார் செத்தபோது முதலில் வந்து நின்றவர், ஆம்புலன்ஸ் பிடித்துக் கொடுத்தவர். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும். ஏட்டையா, நான் பாக்கலையே, என்றேன். சொல்லிவிட்டேன், வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் நான் ஏதோ தமாஷ் பண்ணியது போலச் சிரித்தார். யாருதான் பாத்தா, என்று சொல்லிவிட்டு போன் வந்ததென்று நகர்ந்துவிட்டார்.

யாருதான் பாத்தா. அதைத்தான் என் வீட்டுக்காரரும் சொல்கிறார், வேறு வார்த்தையில். காலையில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார், உனக்கு என்ன, நீ ஒருத்தி உண்மையச் சொன்னதும் ஊரு திருந்திருமா, பாத்தேன்னு சொல்லிட்டு வா தெய்வு, அவனுக்குத் தண்டனை வந்தாலும் அப்பீல் இருக்கு, உனக்கு வேலை போனா அப்பீல் இருக்கா? இருக்கிறது, அதுவும் வருஷக்கணக்கில். முதலில் குறிப்பாணை வரும், பதினேழு பி, அரசு ஊழியர் எல்லாருக்கும் தூக்கத்தில்கூடத் தெரிந்த நம்பர். போகாத இடத்துக்குப் போனதாகக் கையெழுத்திட்டு அரசை ஏமாற்றியதற்கு விளக்கம் கேட்பார்கள், தற்காலிகப் பணிநீக்கம், பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் போகும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கைப்பையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதுதான் காலையிலிருந்து பூனை மாதிரி வந்து வந்து காலை உரசுகிறது. ஞாபகம் இல்லை ஐயா. இரண்டு வருஷம் ஆகிவிட்டது, எத்தனையோ மகஜர், சரியாக ஞாபகம் இல்லை. பொய்யும் இல்லாத மாதிரி, மெய்யும் இல்லாத மாதிரி. எனக்கும் ஆபத்து இல்லை, சப்பாணிமுத்துக்கும் சந்தேகத்தின் பலன் கிடைத்தாலும் கிடைக்கும், ராசையா எளநி வாங்கித் தருவார். ரோமாபுரியில் ஒருவனைச் சாட்சியாக அழைக்கும்போது அவன் காது மடலைத் தொடுவார்களாம், நினைவு குடியிருக்கிற இடம் காது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. தொட்டபிறகு ஞாபகம் இல்லை என்று சொல்ல வழி இல்லை. சாட்சியாக நிற்கச் சம்மதித்துவிட்டுப் பிறகு வாய் திறக்காதவன் மானம் கெட்டவன், அவனாலும் யாருக்கும் சாட்சி நிற்க முடியாது, அவனுக்கும் யாரும் நிற்கமாட்டார்கள் என்று எட்டாவது பலகையில் இருக்கிறது. பொய் சொன்னவனைப் பாறை உச்சியிலிருந்து கீழே தள்ளினார்கள். நம் புத்தகத்தில் பொய்ச் சாட்சிக்கு ஏழு வருஷம் வரை போட்டிருக்கிறது, ஆனால் பொய்ச் சாட்சி சொல்லி உள்ளே போன ஒரு வீஏஓவை நான் பார்த்ததில்லை. அப்படிப் போவதென்றால் முதலில் போயிருக்க வேண்டியது நான்தான், அந்த ஒடிசாக்காரன் விஷயத்தில். வேண்டாம். அதை இப்போது எடுக்க வேண்டாம், இன்றைக்கு இந்த ஒன்று போதும். கோழிப்பண்ணைக் கொட்டகை, கட்டிலுக்கடியில் மூன்று திருட்டு செல்போன், அதுவும் நான் பார்க்காதது, இதே கோர்ட்டில் இதே கூண்டில் ஏறிப் பார்த்தேன் என்று சொன்னது, நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. வேண்டாம் என்கிறேனே. சப்பாணிமுத்து, எருக்குழி, இரண்டு துண்டு வாக்கியம்.

ரோமாபுரி ஒன்றும் சொர்க்கம் இல்லை, அதையும் நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடிமை சாட்சி சொல்ல வந்தால் அவனை வதைத்துத்தான் வாக்குமூலம் வாங்குவார்கள். அப்பன் பிள்ளையை விற்கலாம். பொம்பளைக்கு ஆயுசு முழுக்கத் தலைக்கு மேல் ஒரு ஆண் காவல், ஒரு உயிலுக்குச் சாட்சியாக நிற்கக்கூட அவளை விடமாட்டார்கள். அங்கே பிறந்திருந்தால் என் கையெழுத்துக்குச் செல்லாக்காசு மதிப்பு இருந்திருக்காது. இங்கே எவ்வளவு மதிப்பு! என் கையெழுத்து இல்லாமல் எங்கள் ஊரில் சாதிச் சான்று கிடையாது, வாரிசுச் சான்று கிடையாது, பட்டா மாறாது. நான் பிறப்பதற்கு முன்னால் எத்தனை பொம்பளைகள் எங்கெங்கோ சண்டை போட்டு வாங்கிக்கொடுத்த கையெழுத்து அது. அதைத்தான் நான் ஒரு புல்லட் சீட்டுமேல் வைத்து, உள்ளங்கை சுடுகிறதே என்ற ஒரே கவலையோடு போட்டுக்கொடுத்தேன். பார்க்காததைப் பார்த்ததாக ஆக்குகிற அளவுக்கு அதற்குச் சக்தி. நம் சட்டமும் மோசம் இல்லை, தேடுதல் நடக்கும்போது அந்த வட்டாரத்தில் இருக்கிற நேர்மையான ஆள் இரண்டு பேர் கூட இருக்க வேண்டும் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். தட்டையும் கோவணத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை வைத்தார்கள். அந்தத் தட்டு நான்தான். ஏந்திக்கொண்டு போயிருந்தால் அந்தக் குழியில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்கும், அவர்கள் போகும்போது நான் வீட்டில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வருகிறது, இங்கே அழக்கூடாது, சாட்சி அழுதால் ஏதோ பணம் வாங்கிவிட்டாள் என்பார்கள். கைப்பையைத் திறந்து புகார்க் காகிதத்தை எடுத்தேன். நாலாகக் கிழித்தேன், எட்டாகக் கிழித்தேன், குப்பைத் தொட்டி எங்கே என்று தெரியவில்லை, மறுபடி கைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். பேராச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்ன காகிதம் என்று அவளுக்குத் தெரியாது. சொல்வேன், ஞாபகம் இல்லை என்று சொல்லமாட்டேன், ஞாபகம் இருக்கிறது. சீட்டின் சூடு ஞாபகம் இருக்கிறது, ரெட்டைச்சடையில் மகளுக்குக் கட்டிய ரிப்பன் மஞ்சள் நிறம் என்பது ஞாபகம் இருக்கிறது. வேலை போனால் போகட்டும் என்று வீரமாகச் சொல்லத் தோன்றவில்லை, போகக் கூடாது என்றுதான் ஆசை. ஆசை இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

தெய்வக்கனி, தெய்வக்கனி, தெய்வக்கனி. மூன்று தடவை. டவாலி குரலில் என் பெயர் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. எழுந்தேன். கூண்டில் ஏறி, கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை என்று சொன்னேன். எதிர்க்கூண்டில் சப்பாணிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அரசு வக்கீல் அந்த மகஜரைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்றார். ஆமாம் என்றேன். எதிரி எருக்குழியிலிருந்து கம்பியை எடுத்துக் கொடுத்தது உங்கள் முன்னிலையில்தானே? கை தானாகப் போய்க் காது மடலைப் பிடித்துக்கொண்டிருந்தது, கம்மல் குத்தியது. இல்ல ஐயா, நான் அங்க போகல, தாலுகா ஆபீஸ் வாசல்ல வச்சு எழுதியிருந்ததுல கையெழுத்து மட்டும் போட்டேன். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. அரசு வக்கீல் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, சாட்சி பிறழ் சாட்சியாகிவிட்டார், குறுக்கு விசாரணைக்கு அனுமதி வேண்டும் என்றார். போலீஸுக்கு விரோதமாக எதிரியின் குடும்பத்தாரிடம் சாதகம் பெற்றுக்கொண்டு பொய் சொல்கிறீர்கள் என்றார். காலையில் தண்ணி வாங்கிக் குடிச்சேன், அதுக்கு மேல ஒண்ணும் வாங்கல என்றேன். யாரோ சிரித்தார்கள். ராசையா கதவருகே நின்றார், அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, எனக்காகப் பாவப்படுகிற மாதிரி இருந்தது, அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. முடிந்தது, இறங்கிவிடலாம் என்று காலை எடுத்தேன். அப்போதுதான் மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இளவயசுக்காரர், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்கிறார்கள். இருங்கம்மா, என்றார். இப்படிப் போகாம பாக்காம கையெழுத்து மட்டும் போட்டது இது ஒண்ணுதானா?

இதை நான் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. இத்தனை தடவை முடிவு செய்தேன், இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். இது ஒண்ணுதான் ஐயா என்று சொன்னால் யாரும் தோண்டப் போவதில்லை. மற்றவை எல்லாம் பைசலாகிப் போன கட்டுகள், பதிவறையில் தூசியில் கிடக்கின்றன. அந்த ஒடிசாக்காரன் கட்டுக்கு எந்த எருக்குழியும் இல்லை, வந்து கேட்க எந்தத் தாயும் இல்லை. இருந்தாலும் எங்கே இருக்கிறாள், ஒடிசாவில் ஏதோ ஒரு ஊரில், என் வாசல் எந்தத் திசை என்று தெரியாமல், மகன் தெற்கே எங்கேயோ ஒரு வருஷம் ஜெயிலில் இருந்ததாவது தெரியுமோ தெரியாதோ. மூன்றாம் நாள் நான்காம் நாள் என்று எந்த நாளிலும் அவனுக்காக ஒருத்தி வந்து நிற்கவில்லை. நிற்காததால்தான் என்னால் அவன் பேரை இத்தனை நாள் நினைக்காமல் இருக்க முடிந்தது. கதவுக்கு வெளியே பேராச்சி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது, அவள் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது, இனிமேல் அவள் என் வாசலுக்கு வர வேண்டியதில்லை. மூன்றாம் நாள் வரும், போகும், தெரு அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நினைத்ததும்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பதினொண்ணு ஐயா, என்றேன். இதோட பன்னிரண்டு. அதுல ஒரு கேஸ்ல இதே கூண்டுல ஏறிப் பாத்தேன்னு சாட்சி சொன்னேன், பாக்கல. அந்த ஆளுக்கு ஒரு வருஷம் தண்டனை ஆச்சு. மாஜிஸ்திரேட் எழுதிக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார். அரசு வக்கீல், அம்மா, யோசிச்சுப் பேசுங்க, இது உங்களுக்கே பாதகம், என்று தணிந்த குரலில் சொன்னார், அக்கறையாகத்தான் சொன்னார். தெரியும் ஐயா, என்றேன். யாருங்கம்மா அது, பேர் சொல்லுங்க, என்றாள் டைப் அடிக்கிற பெண். பிகாஷ் நாயக், என்றேன். மின்விசிறிச் சத்தத்தில் அவளுக்கு எட்டவில்லை, தலையைத் தூக்கிப் பார்த்தாள். கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வராந்தா தாண்டித் தெருவுக்கே கேட்கிற குரலில் நான் அந்தப் பெயரைச் சொன்னேன்.